மாதா ஒரு வீட்டில், பாலன் ஒரு வீட்டில்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, "கிறிஸ்துமஸோட உண்மையான அர்த்தம் வர்ற மாதிரி ஒரு கதை குடுங்க. அழுகை கொஞ்சமா இருந்தா போதும்" என்றார். வாய்க்கொழுப்பு, சரி என்றுவிட்டேன். முதல் வரி இப்படி வந்தது:

வெண்பனி கொட்டிக்கொண்டிருந்த அந்தக் குளிர்

அடித்துவிட்டேன். பனி இல்லாத ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? அடுத்தது:

அநாதைச் சிறுமி ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே நின்று

இதையும் விட்டுவிட்டேன். வருஷாவருஷம் அந்தப் பிள்ளையை எழுத்தாளர்கள் குளிரில் நிறுத்துகிறோம். பாவம், வீட்டுக்குப் போகட்டும்.

2

அண்ணன் தம்பி இரண்டு பேர். (இது நிற்கும்போலிருக்கிறது.) அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அம்மா போனபிறகு வீட்டுச் சாமான்களைப் பங்கு பிரித்தார்கள். பீரோ, கட்டில், தையல் மெஷின் எல்லாம் சுமுகமாகவே போயிற்று. கடைசியில் அம்மாவின் கிறிஸ்துமஸ் குடில் மிஞ்சியது. இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும், பெயிண்ட் உதிர்ந்த சின்னச் சின்ன சுரூபங்கள். "நீயே வச்சுக்கோ" என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். இருவருக்கும் வாய் வரவில்லை. அதையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். மாதா, சூசையப்பர், மாடு அண்ணனுக்கு. குழந்தை இயேசு, ராஜாக்கள், கழுதை தம்பிக்கு.

பிரிக்கும்போது வார்த்தை தடித்தது. "இனிமே நீயா வந்தா உண்டு" என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். அதோடு பேச்சு நின்றது.

[கடையில் புதுக் குழந்தை வாங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அண்ணன் மனைவி வாங்கி வந்தாள். அது மாட்டைவிடப் பெரிதாக இருந்தது. தொட்டிலுக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டு மாதாவையே மிரட்டுவதுபோல் கிடந்தது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். இதைத் தம்பியிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தவர், உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.]

3

அண்ணனை முதலில் கல்நெஞ்சக்காரராகத்தான் எழுதினேன். சரிப்படவில்லை. ஏனென்றால் தம்பி குடியிருக்கும் அடுக்குமாடியின் லிஃப்டைப் பார்த்துக்கொள்வது அவர்தான். சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் தம்பியின் தளத்தில் கதவு ஒழுங்காகத் திறந்து மூடுகிறதா என்று தேவைக்கு அதிகமாகவே சோதிப்பார். திறந்திருக்கும் நேரத்தில் தம்பி வீட்டுச் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்வார். மணி மட்டும் அடித்ததில்லை.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அந்த ஸ்டாண்டில் விரல் நீளத்தில் ஒரு ஜோடி ஷூ இருந்தது. தான் பெரியப்பா ஆகிவிட்டது அவருக்கு அப்படித்தான் தெரிந்தது.

இந்த இடத்தில் லிஃப்டைப் பாதியில் நிறுத்தி, தம்பியை உள்ளே மாட்டவைத்து, அண்ணனைவிட்டுக் காப்பாற்றச் சொல்லலாமா என்று எனக்கு ஒரு சபலம். அண்ணன் முறைத்தார். "நான் பார்க்கிற லிஃப்ட் அப்படியெல்லாம் நிக்காது சார்." கைவிட்டேன்.

4

வீட்டில் அண்ணனின் மனைவி மாதா சுரூபத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவனுக்குப் பிள்ளை இருக்கு. நடக்கவே ஆரம்பிச்சிருச்சு போல" என்றார்.

"யார் சொன்னா?"

"வாசல்ல ஷூ பார்த்தேன்."

"பார்த்துட்டு அப்படியே வந்துட்டீங்களா? மணி அடிச்சா கையா தேஞ்சிடும்?"

"சின்னவன் அவன்தானே. முதல்ல அவன் வரட்டும்."

அவள் துடைப்பதை நிறுத்தினாள். "என்னங்க, முதல்ல அவங்க வரட்டும்னு கடவுளும் மேலேயே உட்கார்ந்திருந்தா, நமக்கு ஏதுங்க கிறிஸ்துமஸ்?"

(அர்த்தத்தை விளக்க நான் இரண்டு பத்தி எழுதிவைத்திருந்தேன். அவள் சொன்னதைக் கேட்டபிறகு கிழித்துப் போட்டுவிட்டேன். சந்தோஷமாகத்தான் கிழித்தேன்.)

அவர் போய் ஒரு துண்டை எடுத்துவந்து மாதாவையும் சூசையப்பரையும் சுற்றினார்.

"மாட்டையும் எடுத்துக்கோங்க" என்றாள். "பிரிச்சதெல்லாம் போதும்."

5

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

அ. தம்பி அண்ணனைக் கட்டிப்பிடித்து அழுகிறான். (ஆசிரியருக்குப் பிடிக்கும்.)

ஆ. "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டுக் கதவைச் சாத்துகி

வேண்டாம், இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்காக முதலாவதையும் எழுதப்போவதில்லை. வருவது வருகிறவர் கையில் இருக்கிறது, அதை அண்ணன் செய்துவிட்டார். திறப்பது அவர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை.

ஆகவே அண்ணனையும் அவர் மனைவியையும் தம்பி வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுகிறேன். எத்தனையோ லிஃப்ட் கதவுகளைத் திறந்த மனிதர் இந்தக் கதவின் முன் துண்டு மூட்டையைக் கை மாற்றிக்கொண்டு நிற்கிறார். ஆனாலும் மனசு நிறைந்திருக்கிறது. மணியை அழுத்துகிறார்.

இனி நீங்கள்தான் தம்பி. உள்ளே இருக்கிறீர்கள். மணிச் சத்தம் கேட்டதும் உங்கள் பிள்ளை உங்களுக்கு முந்திக்கொண்டு தத்தித் தத்திக் கதவுக்குப் போகிறது. தாழ்ப்பாள் அதற்கு எட்டவில்லை. உங்களைத் திரும்பிப் பார்க்கிறது.