மகனா, மகளா

இதய டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார்: "உங்க அப்பா எதுல இறந்தார்?"

எதிரே உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக்குப் பதில் தெரியவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயதுவரை அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கைக்குழந்தையாகக் குழந்தைகள் இல்லத்தில் விடப்பட்டவர் அவர். பிரசவத்தில் அம்மா போய்விட்டாள், பின்னாலேயே அப்பாவும் போய்விட்டார், வேறு யாரும் இல்லை என்று இல்லத்தில் சொன்னதோடு சரி. வீட்டுக்குக் காரை ஓட்டி வரும்போது, பழகிய திருப்பத்தையே தாண்டிப் போய்விட்டார்.

கூடப் போயிருந்த மருமகள் அதைக் கவனித்தாள். அவள் பள்ளி ஆசிரியை; ஒரு வேலையைத் தொட்டால் விடமாட்டாள். குழந்தைகள் இல்லம் கொடுத்த அட்டையில் இருந்த அப்பாவின் பெயரையும் ஊரையும் வைத்து, அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் அவருடைய இறப்புப் பதிவின் நகலைக் கேட்டு வாங்கினாள். டைப் அடித்த நகல். காரணம்: காய்ச்சல்.

"அப்பாடா, இதயம் இல்ல மாமா."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மிச்சத்தையும் படித்தார். "தகவல் கொடுத்தவர் பேரைக் காணோம், இறந்தவரின் மகன்னு மட்டும் இருக்கே. நான் அப்ப தவழ்ந்துகிட்டு இருந்தேன்மா. நானா போய்த் தகவல் கொடுத்தேன்?"

"தவழ்ந்தே போயிருப்பீங்க" என்று சிரித்தவள், சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

பதிவேட்டின் மூலப் பக்கத்தையே படம் எடுத்துத் தரச் சொல்லி மறுபடியும் அலைந்தாள். வந்த பக்கம் கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தது. எழுதியவருக்குப் புள்ளி வைக்கும் வழக்கமே இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றேபோல நின்றன. எட்டிப் பார்த்த அவள் கணவன், "இது தமிழா?" என்று கேட்டுவிட்டு நழுவினான்.

"என் கிளாஸ் பசங்க எவ்வளவோ தேவலை" என்றாள் அவள். ஆனாலும் பரீட்சைத் தாள் திருத்திப் பழகிய கண். சந்தேகத்துக்கு இடமில்லாத சொற்களை முதலில் தேடினாள். மேல் வரியில் 'மனைவி'. அதில் னகரம்தான் இருக்க முடியும். கீழே 'தொழிலாளி', அதில் ளகரம். இரண்டையும் மெல்லிய தாளில் பிரதி எடுத்து, 'மக'வுக்கு அடுத்த கடைசி எழுத்தின்மேல் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள்.

"இந்த ஆளு ளகரம் எழுதினா மட்டும் கடைசிக் காலை வரிக்குக் கீழே இழுத்துடறார். பாருங்க, இங்கேயும் இழுத்திருக்கார்."

மெக்கானிக் குனிந்து பார்த்தார். மகன் இல்லை, மகள்.

"அப்ப எனக்கு ஒரு அக்கா இருந்தா" என்றார். முகம் மலர்ந்தது, அடுத்த நொடியே இறுகியது. "இருந்தும் என்னை விட்டுட்டுப் போயிட்டாளா? மூடி வைம்மா. போதும்."

அவள் மூடி வைத்தாள். ஒரு வாரம் போலக் கழித்து அவள் பள்ளியிலிருந்து வந்தபோது, அவர் பூதக்கண்ணாடியும் கையுமாக அதே பக்கத்தின்மேல் கவிழ்ந்திருந்தார்.

"அக்கா பேரு புரியுது. அவ தொழில்தான் உதைக்குது. 'அசசகம'. அசுகமா? அப்ப நோயாளியா?"

"புள்ளியை வையுங்க மாமா."

பென்சிலை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் புள்ளி வைத்துப் பார்த்தார். அச்சகம். பக்கத்தில் தெருவின் பெயரும் இருந்தது.

மருமகளோடு காரில் தேடிப் போனார். தெரு அப்படியே இருந்தது, அச்சகமும் இருந்தது. இப்போது விசிட்டிங் கார்டும் பில் புத்தகமும் அடிக்கிறார்கள். கல்லாவில் இருந்தவர் அக்காவின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"பைண்டிங் அக்காவா? எங்க அப்பா காலத்துல சின்னப் பொண்ணா வேலைக்குச் சேர்ந்தவங்க. எனக்கு நூல் கோக்கக் கத்துக்கொடுத்ததே அவங்கதான். இப்ப மக வீட்டுல இருக்காங்க. நல்லாத்தான் இருக்காங்க."

அவரே போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, மெக்கானிக்கின் கையில் கொடுத்தார். இவர் போனைக் காதில் வைத்து, அப்பாவின் பெயரை மட்டும் சொன்னார்.

மறுமுனையில் வயதான, கனத்த குரல் கேட்டது: "தம்பியா?"

"ம்."

"சம்பளம் வாங்கினதும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லித்தான் உன்னை அங்க விட்டேன்டா. திரும்பிப் போனா, வேற ஊர் இல்லத்துக்கு மாத்திட்டோம்னாங்க. எந்த ஊருன்னு சொல்லல. நீயே சின்னப் பொண்ணு, உன்கிட்ட எப்படித் தர்றதுன்னு துரத்திட்டாங்க. நான் போகாத நாளில்ல... என்மேல கோவமா?"

"இருந்துச்சு" என்றார்.

"இருக்கட்டும். நேர்ல வந்து திட்டு. இப்பவே வா, நாளைக்குன்னு சொல்லாதே."

வெளியே வந்ததும் கார் சாவியை மருமகளிடம் நீட்டினார். தன் வண்டியை அவர் யாருக்கும் ஓட்டக் கொடுத்ததில்லை.

"நீ ஓட்டும்மா. எனக்குக் கண்ணெல்லாம் கலங்குது" என்றார். "கொஞ்சம் வேகமாவே ஓட்டு."