வலது பாக்கெட்டில் சாவி

எனக்குப் பதிலாக வரப்போகிறவனை நானே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றான் ரஸ் பிரானிகன். ரஸ் எங்கள் டொலீடோ அணியின் பொது மேலாளர். யாரை எடுப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதெல்லாம் அவன் முடிவு. நான் அந்த அணியின் குவாட்டர்பேக். எங்கள் அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை கம்மி. முட்டை வடிவப் பந்தை எறிகிற குவாட்டர்பேக்கின் கையை நம்பித்தான் மொத்த அணியும் ஓடும். எனக்கு வயது முப்பத்தேழு முடிந்துவிட்டது, இந்த ஆட்டத்தில் அது கிழட்டு வயது.

"ஏன் ரஸ், என் குழிய நானே வெட்டணுமா? மண்வெட்டியாவது நீ தருவியா?"

"கத்தாத வேட். அந்தப் பையனுக்கு முழங்கைல எங்க வெட்டித் தச்சிருக்காங்களோ, அதே இடத்துலதான் உனக்கும் தச்சிருக்கு. டாக்டருங்க படத்தப் பாத்துச் சொல்வாங்க. நீ அவன் எறியிற பந்தப் பிடிச்சுச் சொல்லு."

பையன் பெயர் ஜோரெல் டின்ஸ்லி. எங்களுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் லைமாக்காரன். கல்லூரி ஆட்டங்களில் அவன் எறிவதைப் பார்த்து நானே டிவி முன்னால் எழுந்து நின்றிருக்கிறேன். நவம்பரில் ஒரு தடியன் அவன் வலது கை மேலேயே விழுந்தான். முழங்கை பிசகித் தசைநார் கிழிந்து, அறுவை செய்து தைத்தார்கள். ஏப்ரல் கடைசி வியாழக்கிழமை டிராஃப்ட். கல்லூரி முடித்த பையன்களை அணிகள் முறைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் நாள். அதிகம் தோற்ற அணிக்கு முதல் முறை; போன வருஷம் நாங்கள் வாங்கிய உதைக்கு ஆறாவது முறை கிடைத்திருந்தது. கை நன்றாக இருந்தால் டின்ஸ்லி அதுவரை மிஞ்சியிருக்கவே மாட்டான். கை சந்தேகம் என்பதால் மிஞ்சுவான்.

"சரி. நல்லாருக்குன்னு சொன்னா?" என்றேன்.

"நம்புவேன். அது உனக்கு நஷ்டம்ல."

"நல்லால்லன்னு சொன்னா?"

ரஸ் பேனாவை மூடினான். "யோசிப்பேன்" என்றான்.

அந்தப் பதிலிலேயே நான் எழுந்து போயிருக்க வேண்டும். புத்தி இல்லை, கார் எடுத்துக்கொண்டு லைமாவுக்குப் போனேன்.

அவன் படித்த பள்ளி மைதானத்தில்தான் சந்தித்தோம். காற்று ஏரிப்பக்கத்திலிருந்து நேரே காதுக்குள் அடித்தது. பையன் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தான். "சார், உங்க படம் என் ரூம்ல ஒட்டியிருந்துச்சு" என்றான். "இப்போ கிழிச்சிட்டியா?" என்றேன். சிரித்தான். பிடித்துப்போயிற்று. அதுதான் எரிச்சலாகவும் இருந்தது. வெறுப்பதற்குத் தோதான பையனாக இருந்திருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும்.

எறிய ஆரம்பித்தான். சுழற்சி சரியாக இருந்தால் பந்து கைக்குள் அடங்கி உட்காரும், சத்தம் வராது. அவன் பந்துகள் அப்படித்தான் வந்தன. ஓரக்கோட்டுக்கு ஒன்று, தலைக்கு மேலே ஒன்று, நான் ஓட ஓட எனக்கு முன்னால் ஒன்று. எல்லாமே அருமை. பத்துப் பந்து ஆனதும் நின்றான், தண்ணீர் குடித்தான், கையை உதறினான், கல்லூரிக் கதை ஒன்று சொன்னான். பிறகு இன்னொரு பத்து. மறுபடியும் தண்ணீர், மறுபடியும் கதை.

மார்ச்சில் அத்தனை அணிகளின் ஆட்களும் வந்து பார்த்த நாளிலும் இதே கணக்கில்தான் எறிந்தான். எந்தப் பந்து, எப்போது, எங்கே என்று அவனுடைய சொந்தப் பயிற்சியாளர் எழுதிக்கொடுத்த வரிசை. எல்லாப் பையன்களும் அப்படித்தான் செய்வார்கள், யாரும் குறை சொல்வதில்லை.

"தண்ணி போதும். நிறுத்தாம போடு" என்றேன்.

அவன் முகம் ஒரு கணம் மாறியது. "சரி சார்."

கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு பந்து என் உள்ளங்கையில் பளாரென்று அறைந்தது. அடுத்ததின் மூக்கு கீழே சாய்ந்து வந்தது. அதற்கடுத்ததை முழங்காலுக்குக் கீழே குனிந்து பிடித்தேன். "காத்து சார்" என்றான். காற்று அவன் முதுகுப் பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது.

போதும் என்று சொல்லி அவன் வண்டி வரை கூட நடந்தேன். சாவி கால்சட்டையின் வலது பாக்கெட்டில் இருந்தது. அவன் இடது கையை வயிற்றுக்குக் குறுக்கே வளைத்து, உடம்பைத் திருகி, அந்த வலது பாக்கெட்டுக்குள் விட்டு எடுத்தான். வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் சாவி எடுத்தேன்.

"எத்தன விரல்?" என்று கேட்டேன்.

"என்ன சார்?"

"மரத்துப்போறது எத்தன விரல்னு கேக்குறேன்."

வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் நிறைந்துவிட்டது. "ரெண்டு. சுண்டு விரலும் பக்கத்து விரலும். ரொம்ப நேரம் எறிஞ்சாதான். ஒரு மணி நேரம் விட்டா சரியாயிடும்."

"டாக்டருங்க?"

"முப்பத்திரண்டு டீம் டாக்டரும் வரிசைல நின்னு என் கையத் திருகிப் பாத்தாங்க சார். காலைல, எறியாத கைய. விரல் மரக்குதான்னு கேட்டாங்க. அப்போ மரக்கல, இல்லன்னு சொன்னேன். நான் பொய் சொல்லல."

உண்மையை ஒளிக்காமல் சொல்கிறேன். விரல் விஷயம் தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இன்னும் ஒரு வருஷம் ஆடலாம் என்று மனசு துள்ளியது. அடுத்த மூச்சில் அவமானமாக இருந்தது. தைத்த தசைநார் கெட்டியாகத்தான் இருக்கிறது. அதை ஒட்டிப் போகிற நரம்புதான் நசுங்குகிறது. அதை விட்டுவிட்டு ஆடினால் ஒரே வருஷத்தில் கட்டைவிரல் பக்கத்துச் சதை வற்றிவிடும். அப்புறம் அவனால் பந்து என்ன, சட்டைப் பித்தான்கூடப் போட முடியாது. என்னைக் காப்பாற்றியது என் சாமர்த்தியம் இல்லை. அப்போது என் இடத்தில் ஆட மூத்தவர் ஒருவர் இருந்தார், அதனால் நரம்பை விடுவித்துத் தைத்துவிட்டு ஒரு வருஷம் முழுக்க உட்கார வைத்தார்கள்.

"சார், சொல்லிடாதீங்க. ஒருத்தர்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள எல்லா டீமுக்கும் தெரிஞ்சிடும். என்னை யாரும் தொடமாட்டாங்க."

நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அவன் தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினேன்.

மறுநாள் ரஸ்ஸிடம் சொன்னேன். கூடவே ஒரு வழியும் சொன்னேன். "அவன எடு. எடுத்ததும் ஆப்பரேஷன் பண்ணு. இந்த வருஷம் நான் ஆடுறேன், அவன் உக்காரட்டும். அடுத்த வருஷம் முழுசா உனக்கு ஒரு கை கிடைக்கும்."

ரஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "அடப்பாவி! உன் வேலையும் தப்பிக்குது, நல்லவன்னு பேரும் கிடைக்குது. எப்படிய்யா கார்லயே யோசிச்சியா?"

"யோவ், விளையாடாத. அவன் கை போயிடும்."

"முதலாளி செப்டம்பர்ல சீசன் தொடங்கும்போதே அவன் ஆடணும்கிறார். நீ இன்னும் ஒரு வருஷம்கிற. நடுவுல நான் யார நம்புறது?"

இருந்தாலும் அவன் மோசமானவன் இல்லை, எங்கள் டாக்டரை மறுபடி அனுப்பினான். டாக்டர் காலையில் போய், ஓய்ந்திருந்த கையை மறுபடி திருகிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று வந்தார். எறிய விட்டுவிட்டுப் பாருங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். டிராஃப்டுக்கு முன்னால் இனி ஒரு பந்துகூட எறியமாட்டான் என்று பையனின் ஏஜென்ட் கறாராகச் சொல்லிவிட்டான். நான் பொறாமை பிடித்த கிழவன் என்பது அணி முழுக்கப் பேச்சாகிவிட்டது. உடைமாற்றும் அறையில் ஒருத்தன் என் நாற்காலியில் கயிறு கட்டி வைத்திருந்தான், நான் என் இடத்தை விடாமல் பிடித்துத் தொங்க.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி டானா மீன் வறுத்து வைத்திருந்தாள், இறங்கவில்லை. ஐந்து பெயர் போய்விட்டது. அதில் டின்ஸ்லி இல்லை. எங்கள் முறை வந்தது, திரையில் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. லைமாவில் அவன் வீட்டைக் காட்டினார்கள். புதுச் சட்டையில், சோபா நடுவில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ரஸ்ஸைப் போனில் கூப்பிட்டேன். எடுத்தான். பின்னால் ஒரே இரைச்சல்.

"வேட், இப்ப வேணாம். சீட்டுல அவன் பேர எழுதியாச்சு. குடுக்க வேண்டியதுதான் பாக்கி."

"குடுக்காத. நான் சொன்னத நம்பு."

"எப்படி நம்புறது? நீயே சொல்லு. என் இடத்துல இருந்தா நீ நம்புவியா?"

நம்பமாட்டேன். அது எனக்கே தெரிந்தது. நான் ஆடுகிறவரை என் வாயிலிருந்து வருகிற உண்மைகூட என் நாற்காலிக்காகச் சொல்கிற பொய்தான். டானாவைப் பார்த்தேன். அவள் தட்டைக் கீழே வைத்தாள். பதினைந்து வருஷம் கூட வாழ்ந்தவள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ரஸ், நான் இனிமே ஆடல. உனக்கும் இல்ல, வேற எவனுக்கும் இல்ல. இன்னிக்கோட முடிஞ்சுது. இப்ப சொல்லு, அந்தப் பையன் கை கெட்டிருக்குன்னு சொல்றதுல எனக்கு என்ன லாபம்?"

இரைச்சல் குறைந்தது. ஏதோ அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்க வேண்டும்.

"நாளைக்கு மனசு மாறிட்டேன்னு வந்து நிப்ப."

"டானா, எழுது" என்றேன். அவள் தன் போனை எடுத்து, இணையத்தில் என் பெயரிலுள்ள பக்கத்தைத் திறந்து, நான் சொல்லச் சொல்ல ஊரறியப் போட்டாள். ஆட்டத்திலிருந்து விலகுகிறேன், எல்லாருக்கும் நன்றி. அவ்வளவுதான்.

"பாத்துக்கோ" என்றேன்.

பார்த்தான் போலிருக்கிறது. "அட முட்டாளே" என்றான் மெதுவாக. "நீயும் இல்லன்னா நான் யார வெச்சு ஆடுறது?"

"அது உன் தலைவலி. ஆனா அவன் விரல் கதைய வெளிய விடாத. விட்டா சும்மா இருக்கமாட்டேன்."

போனை வைத்துவிட்டான். என்ன முடிவு என்று சொல்லவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் டானாவின் போன் விடாமல் முனகியது. டிவியில் பேசுகிறவர்களுக்கும் செய்தி எட்டிவிட்டது. டொலீடோவில் நாற்காலி காலி, டின்ஸ்லிக்கு வழி விட்டார் வேட் கோஸ்லோ என்று ஒருத்தர் துள்ளினார்.

என் போன் அடித்தது. பையன்தான்.

"சார்!" மூச்சு வாங்கியது. "சார், எனக்காகவா? நான் நெனச்சே பாக்கல. அம்மா அழுறாங்க. உங்க பேரக் கெடுக்கமாட்டேன் சார், சத்தியமா."

திரையில் அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்பது தெரிந்தது. இடது கையில்தான் வைத்திருந்தான். "ஜோரெல், உக்காரு" என்று மட்டும் சொன்னேன்.

மேடையில் சீட்டோடு ஆள் வந்துவிட்டார். டொலீடோ அணி எடுப்பது, என்று நிறுத்தி, அயோவாவிலிருந்து ஒரு தடுப்பாட்டக்காரன் பெயரைப் படித்தார். மலை மாதிரி ஒரு பையன். கூட்டம் ஊளையிட்டது. கேமரா உடனே லைமாவுக்குப் போயிற்று, அந்தக் கேமராக்காரர்களுக்கு ஈவு இரக்கமே கிடையாது. ஜோரெல் நின்றபடியே இருந்தான். அவன் அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். போன் இன்னும் அவன் காதில் இருந்தது, என் காதிலும் இருந்தது.

நல்லவேளை, விளம்பரம் போட்டார்கள்.

"உங்க மேனேஜர்கிட்ட என்ன சொன்னீங்க?" குரல் மாறியிருந்தது.

"உண்மைய."

"உங்களக் கெஞ்சினேன்ல."

"கெஞ்சின. நான் சரின்னு சொல்லலியே."

கெட்ட வார்த்தையில் திட்டினான். வாங்கிக்கொண்டேன். அம்மா பக்கத்திலிருந்து என்ன என்ன என்று கேட்பது கேட்டது. கதவு திறந்து மூடுகிற சத்தம், பிறகு வெளிக்காற்று. திட்டு குறைந்து அழுகை வந்தது. அழட்டும் என்று இருந்தேன். டானா என் முதுகில் கை வைத்திருந்தாள்.

"நான் விலகி உக்காரணும்னா என் இடத்துல யாராச்சும் ஆடணும்ல" என்றான் கடைசியில். "நீங்க ஆடியிருக்கலாம். நான் உக்காந்திருப்பேன். அத ஏன் சொல்லல?"

"சொன்னேன். ரஸ் நம்பல."

"அதுக்காகவா ஆட்டத்தையே விட்டீங்க? அவர் நம்புறதுக்கா?"

"ஆமா."

நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"விரல் இப்போ எப்படி?" என்று கேட்டேன்.

"மரத்திருக்கு சார். காலைலேருந்து. இன்னிக்கு எறியவே இல்ல."

"நாளைக்கே டாக்டர்கிட்ட போ. முதல்ல எறி, அப்புறம் கைய நீட்டு. யாரு எடுத்தாலும் சரி, எடுக்காட்டாலும் சரி."

"ம்." மூக்கை உறிஞ்சினான். "அப்போ டொலீடோவுக்கு யாரு சார் எறிவா?"

"தெரியல" என்றேன். "நானும் இல்ல, நீயும் இல்ல."