ஒடுக்கற்பிரிவு வாசித்தவர்கள்

1.

இந்தக் கதை வன்மத்தில் பிறந்தது. வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஏசி போட்ட ஒரு மண்டபம். மாதமொருமுறை அங்கே கூடி, தாங்கள் இப்போது வாசிக்கும் புத்தகங்களை ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்வார்கள். நானும் போனேன். தின்னத் தந்த பற்றிஸ் நன்றாக இருந்தது. மற்ற எல்லாவற்றையும் பழிவாங்கவே எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: "கொழும்பின் மாலை தன் செந்நிறக் கூந்தலைக் கடலில்

விட்டுவிட்டேன். இதைத் தொடர்ந்தால் என்னையும் உறுப்பினராகச் சேர்த்துவிடுவார்கள்.

2.

றோஸி கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து வந்தவள். ஏ.எல். சோதனையில் உயிரியலை மூன்றாம் தரம் எடுக்கிறாள். கதைப் புத்தகம் வாசித்தே கெட்டுப்போனாள் என்பது வீட்டாரின் கட்சி. (வீட்டார் சொல்வது சரி.)

நடைபாதைக் கடையில் அவள் ஒரு பழைய நாவல் வாங்கியிருந்தாள். அட்டை இல்லை, தலைப்பு இல்லை, எழுதியவர் பெயர் இல்லை. கடைசிப் பக்கங்களும் இல்லை. மங்களம் என்பவள், அடிக்கிற புருசனை அறைக்குள் வைத்துப் பூட்டுகிறாள். பக்கத்து வீடு தீப்பிடிக்கிறது. மிஞ்சிய கடைசி வரி இது: "மங்களம் சாவியை". அதோடு சரி. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் வந்த வினை.

எடுத்தாளா? எறிந்தாளா? றோஸிக்குத் தெரிந்தாக வேண்டும். இத்தனை வாசகர் கூடுகிற இடத்தில் ஒருவராவது அதை வாசித்திருக்க மாட்டாரா என்றுதான் வந்தாள்.

(அடிக்குறிப்பு: அடிக்கிற புருசன் பழைய சரக்கு என்று என்னிடம் முறையிட வேண்டாம். அந்த நாவலை நான் எழுதவில்லை.)

4.

மூன்றாம் பகுதியில் மண்டபத்தை வர்ணித்திருந்தேன். வெட்டியாயிற்று. கதிரைகள் இருந்தன, போதும்.

தலைவர் சவுந்தரநாயகம் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். மடியில் தலையணை அளவில் ஒரு நாவல். "இப்ப இதைத்தான் வாசிச்சுக்கொண்டிருக்கிறன். கட்டாயம் எல்லாரும் வாசிக்கோணும்," என்றார். போன மாதமும் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். இங்கே யாரும் எதையும் முடிப்பதில்லை. முடித்தால் முடிவைப் பற்றிக் கேட்பார்கள்.

அடுத்தது மிதுஷன், கவிஞன். ஒரே ஒரு தடவை சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போனான். ஆள் திரும்பிவிட்டான், தமிழ் இன்னும் திரும்பவில்லை.

"நீங்க இப்ப என்ன படிக்கிறீங்க, தோழி?" என்று றோஸியைக் கேட்டான்.

கொஞ்சம் பொறுங்கள். நம்மூரில் கதைப் புத்தகத்தை வாசிப்போம், சோதனைக்குத்தான் படிப்போம். "என்ன வாசிக்கிறீங்கள்" என்று கேட்டிருந்தால் றோஸி மங்களத்தைப் பற்றிச் சொல்லியிருப்பாள், எனக்கும் கதை கிடைத்திராது. ஆனால் அவன் கேட்டது படிப்பை. றோஸி நல்ல பிள்ளை. கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

"இந்தக் கிழமை ஒடுக்கற்பிரிவு."

ஒடுக்கற்பிரிவு என்றால், ஓர் உயிர்க்கலம் பிரியும்போது அதன் நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், பாதியாகக் குறைவது. முட்டையும் விந்தும் அப்படித்தான் உண்டாகின்றன. பள்ளிக்கூட ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்திலேயே இருக்கிறது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் விஞ்ஞானம் பாஸ்.

"ஆ, ஒடுக்கற்பிரிவு!" சவுந்தரநாயகம் கண்ணை மூடினார். "கனமான நாவல். ஒடுக்கப்பட்ட சனத்தின்ர வலியை அப்பிடியே எழுதியிருக்கிறார்."

"முதல் பாகம் ஓகே ஐயா," என்றான் மிதுஷன். "ரெண்டாவதுல தொய்வு. பிரிவுக்கு அப்புறம் பாத்திரங்கள் பாதியாக் குறைஞ்சிடுது."

(அடிக்குறிப்பு: உயிரியல்படி இது சரி. தற்செயல்.)

"ஐயோ, அது பாடம்..." என்று றோஸி தொடங்கினாள்.

"பாடம்தான் பிள்ளை! எங்கள் எல்லாருக்கும் பாடம்!" என்றார் சவுந்தரநாயகம்.

தலைகள் ஆடின. கடைசிக் கதிரையில் வாய் திறக்காமல் இருந்த அனுஷியா என்றொருத்தியின் தலையும் ஆடியது. றோஸி பார்த்தாள்.

5.

ஆனாலும் கேட்டாள். அதற்காகத்தானே பஸ் ஏறினாள்.

"ஐயா, மங்களம் எண்டு ஒராள் வாற நாவல். புருசனை அறைக்குள்ள வச்சுப் பூட்டுறா. பக்கத்து வீடு பத்துது. அவ சாவியை என்ன செய்தவ?"

"எறிஞ்சவ. கிணத்துக்குள்ள," என்றார் சவுந்தரநாயகம், மூச்சுக்கூட விடாமல். "அந்தக் கிணறு ஒரு குறியீடு."

"இல்லீங்க ஐயா, மாமியார்கிட்ட குடுத்துடுறா."

"அது வேற பதிப்பு, தம்பி."

நாவலில் கிணறே இல்லை. மாமியார் முதல் அத்தியாயத்திலேயே செத்துப்போகிறாள். றோஸிக்கு அழுகை வந்தது என்று எழுதவேண்டிய இடம் இது. வரவில்லை. பசித்தது. பற்றிஸ் மேசைக்குப் போனாள்.

அனுஷியா பின்னாலேயே வந்தாள்.

"தங்கச்சி, அவ கதவைத் திறந்தவ. திறந்துபோட்டு, சாவியை அவன்ர கையிலயே குடுத்தவ. 'இனி நீங்களே பூட்டிக்கொண்டு இருங்கோ' எண்டு சொல்லிப்போட்டுப் போட்டா."

றோஸிக்கு உடனே விளங்கியது. இதுதான். இதைவிட வேறு முடிவு இருக்கவே முடியாது.

ஆனால் சொன்னது ஒடுக்கற்பிரிவுக்கும் ஆடிய தலை.

பொய்யரோடு இருப்பதில் உள்ள பெரிய நட்டம் இதுதான். அவர்களில் ஒருவர் உண்மை சொன்னாலும் நமக்குப் பிரயோசனப்படாது.

6.

முடிவுகள்.

அ) அந்த நாவலை எழுதியதே அனுஷியாதான். (அழித்துவிட்டேன். எனக்கும் கொஞ்சம் வெட்கம் உண்டு.)

ஆ) றோஸிக்கு உயிரியலில் ஏ. (இது அவளுடைய அம்மாவுக்காக எழுதியது. அம்மா கதைப் புத்தகம் வாசிப்பதில்லை.)

இ) சவுந்தரநாயகம் வீட்டுக்குப் போய் அகராதியை எடுத்து

இல்லை, எடுக்கமாட்டார்.

ஈ) றோஸி நேரே கேட்கிறாள்:

"அக்கா, ஒடுக்கற்பிரிவு வாசிச்சனீங்களோ?"

அனுஷியா பற்றிஸை மென்றுகொண்டிருக்கிறாள். "ஓம்" என்றால் மங்களம் இன்னும் அந்தத் தீக்குப் பக்கத்தில் சாவியோடு நிற்கிறாள். "இல்லை, சும்மா தலையாட்டினனான்" என்றால் றோஸிக்கு ஒரு முடிவு கிடைக்கும். பஸ் வரும்வரை புத்தகம் கதைக்க ஓர் ஆளும் கிடைக்கும். அது அவளுக்கு இதுவரை கிடைத்ததில்லை.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் அனுஷியா ஒரே முகத்தோடுதான் சொன்னாள்.

ஆகவே நீங்கள் சொல்லுங்கள். அந்த மண்டபத்தில் இருந்திருந்தால் நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். அனுஷியாவாக இருக்க அதைவிட வேறு தகுதி வேண்டாம். வாயில் இருப்பதை விழுங்குங்கள். றோஸி உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.