துணைக்கு வந்தவர்

ஒரு விதியை எழுதி, அது எங்கேயும் பிசகாது என்று தர்க்கத்தால் நிரூபித்துக் காட்டுவதுதான் சுடர்விழியின் வேலை. கம்பெனி சென்னையில், அவள் மன்னார்குடியில் வீட்டிலிருந்தபடியே. பல ஊர் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் விவரம் பரிமாறிக்கொள்ளும்போது, யாருடைய விவரத்தை யார் பார்க்கலாம் என்பதை அவளுடைய விதிகள்தான் தீர்மானிக்கும். அதில் ஒன்று இது: நோயாளி துணைக்கு அழைத்து வந்தவர் நம்பிக்கைக்குரியவர்; நம்பிக்கைக்குரியவர் அந்த நோயாளியின் விவரம் எந்த ஆஸ்பத்திரியில் இருந்தாலும் பார்க்கலாம்.

"துணைக்கு வர்றவங்க குடும்பத்து ஆளாத்தானே இருப்பாங்க?" என்று மீட்டிங்கில் டீம் லீடர் கேட்டார்.

நல்ல கேள்வி! அவள் தெருவில் ஆஸ்பத்திரிக்கு யாரும் தனியாகப் போனதே கிடையாது. பஸ் ஸ்டாப்பில் சும்மா நிற்கிறவரைக்கூட "வாங்க, ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்" என்று இழுத்துக்கொண்டு போவார்கள். அவள் அம்மாவே பாதித் தெருவுக்குத் துணை போனவள். சொல்ல வாய் வரை வந்தது. பட்டிக்காடு என்று சிரித்துவிடுவார்களோ என்று கூச்சம். "ஆமாம் சார்" என்றாள். பிறகென்ன, நிரூபணம் கச்சிதமாக வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஃபிளோரா அவளோடு பள்ளியில் படித்தவள். கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரத்தில் தூக்கமில்லாமல் அழுதுகொண்டே கிடந்தவளைத் தஞ்சாவூர் மனநல டாக்டரிடம் போகச் சொன்னதே சுடர்விழிதான். "ஒருத்தருக்கும் தெரியாதுடி, நான் எழுதின சிஸ்டம்" என்று பெருமை வேறு.

ஃபிளோரா தஞ்சாவூருக்குத் தனியாகத்தான் போனாள். ஆனால் முன்பு கண் பரிசோதனைக்குப் பக்கத்து வீட்டு அருள்செல்வியைத் துணைக்குக் கூட்டிப் போயிருந்தாள்; துணைக்கு வந்தவர் என்று அங்கே அவள் பெயர் பதிவாகியிருந்தது. விதி அதை மறக்கவில்லை. தன் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்க்கப் போனில் ஆஸ்பத்திரி ஆப்பைத் திறந்த அருள்செல்விக்கு ஃபிளோராவின் மாத்திரைகள் வரை எல்லாம் தெரிந்தது. ஐயோ பாவம் என்றுதான் அவள் கோயிலில் நாலு பேரிடம் சொன்னாள். அது மாப்பிள்ளை வீடு வரை போயிற்று. கல்யாணம் நின்றது.

சுடர்விழி போய் ஃபிளோராவின் முன்னால் நின்றாள். "அந்த விதியை எடுத்தாச்சுடி."

"கணக்கு தப்பாப் போச்சா?"

"இல்ல. கணக்கு சரிதான்."

"அப்ப, நம்ம ஊர்ல ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவாங்கன்னு அங்க யாருக்குமே தெரியாதா?"

தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வெட்கத்தில் சுடர்விழியின் காது மடல் வரை எரிந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

ஃபிளோரா திட்டவில்லை. "மாத்திரைய நிறுத்திட்டேன்" என்றாள். "இனிமே எந்த டாக்டர்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்."