விஜயதசமி கேசட்

சர்க்கார் கொடுத்த கம்ப்யூட்டர் ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து இறங்கியது எண்பத்தாறாம் வருஷம். தலைமையாசிரியர் அருணாச்சலம் செய்த முதல் வேலை, அதற்கு ஒரு பட்டுத்துணி வாங்கிப் போர்த்தியது. இரண்டாவது வேலை, அந்த அறைக்குப் பூட்டுப் போட்டது. மூன்றாவது வேலை என்று ஒன்றும் கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போய் என்ன செய்வது? பார்த்துவிட்டு வரலாம். வெளியூர்க்காரர் யாராவது வந்தால் அவரே சாவியோடு அழைத்துப் போவார், துணியை மெல்ல விலக்குவார், வந்தவர் "அடேயப்பா" என்பார், உடனே மூடிவிடுவார்.

பச்சையம்மாள் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெட்டியை இயக்குவதற்கான பயிற்சிக்கு வேலூருக்கு அனுப்பப்பட்டவள் அவள்தான். கெட்டிக்காரி என்று அனுப்பவில்லை. மூத்த ஆசிரியர்கள் எல்லாரும் "அந்தப் பேஜார் நமக்கு எதுக்கு" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது இவள். போனவள் அக்கறையாகக் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

"சார், ஆறாம் வகுப்புல படிக்கவே வராத பசங்க நெறைய பேர் இருக்காங்க. அவங்களுக்கு இதுல தமிழ் சொல்லிக் குடுக்கலாம் சார்."

"ஏம்மா, கரும்பலகைக்கு இன்னா வந்துச்சி? நீ எதையாவது அமுக்கி அது நின்னுபோச்சின்னா நான் இல்ல பதில் சொல்லணும்!"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். சர்க்காரே கொடுத்துவிட்டது. சாவி பூசாரியின் இடுப்பில் தொங்கியது.

அவள் விடவில்லை, தினமும் போய் நின்றாள். கடைசியில் தொல்லை தாங்காமல், பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் தருவதாக ஒப்புக்கொண்டார். அதற்கும் நிபந்தனைகள். டிரில் மாஸ்டர் ராஜவேலு வாசலில் காவல் இருப்பார். அறையில் இருக்கும் எதுவும், ஒரு துண்டு ஒயர்கூட, வெளியே போகக் கூடாது. எல்லாம் சர்க்கார் சொத்து.

பச்சையம்மாள் இவ்வளவு மல்லுக்கட்டியது ஆதிலட்சுமி என்ற ஒரு பெண்ணுக்காக. முள்ளிப்பட்டிலிருந்து வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளை. கரும்பலகையில் இருப்பதை அச்சு மாதிரி எழுதிக் காட்டும். கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஐந்து வருஷமாக எல்லா வாத்தியார்களும் பாஸ் போட்டுவிட்டார்கள். எழுந்து வாசி என்றால் ஒரு வார்த்தை வராது. எழுத்துகள் அவளுக்கு வெறும் கோலம். பார்த்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. வகுப்பில் அறுபது பேர். வாயைத் திறந்தால் சிரிப்பார்கள் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். கம்ப்யூட்டர் சிரிக்காது, காத்திருக்கும், எத்தனை தடவை தப்பு செய்தாலும் முகம் சுளிக்காது. வேலூரில் அதைப் பார்த்த அன்றே டீச்சருக்கு இந்தப் பெண்ணின் ஞாபகம்தான் வந்தது.

ஆனால் அந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷ் மட்டும்தான் காட்டும். வேறு எழுத்து வேண்டுமென்றால் நாமே புள்ளி புள்ளியாகச் செய்து கொடுக்க வேண்டும். அங்கே பயிற்சி கொடுத்தவரே "அது பெரிய வேலைங்க" என்று கைவிரித்துவிட்டார். பச்சையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் அப்பா சேலைக் கரைக்கு டிசைன் போடுகிறவர். கட்டம் போட்ட தாளில் எந்தக் கட்டத்தில் ஜரிகை, எந்தக் கட்டம் காலி என்று நிரப்பி நிரப்பியே வளர்ந்தவள் அவள். அன்னப்பட்சிக்குச் செய்ததை அகரத்துக்குச் செய்ய முடியாதா? ஆனாவும் ஆவன்னாவும் மாங்காய்க் கரையைவிட ஒன்றும் கஷ்டமில்லை. வீட்டில் தாளில் போட்டு, எண்ணாக்கி, சாயங்காலம் வந்து தட்டுவாள். எல்லாம் ஒரு கேசட்டில் சேமிப்பாகும். சாதாரணப் பாட்டுக் கேசட்தான். கம்ப்யூட்டரோடு வந்த டேப் ரெக்கார்டரில் போட்டால் எழுத்தெல்லாம் கீச்சென்ற சத்தமாகப் பதியும், மறுபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பெட்டி எழுத்தாக்கிக்கொள்ளும்.

"இன்னொரு கேசட் வேணும் சார். ஒண்ணு போச்சின்னா இன்னொண்ணு இருக்கட்டும்."

"சர்க்கார் குடுத்தது ஒண்ணு. ஒண்ணு போதும்னு தெரிஞ்சிதானே குடுத்துகீறாங்க?"

கேசட்டின் முதுகில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. இன்னும் திருத்த வேண்டியது இருந்ததால் அவள் அதை உடைக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் ஆதிலட்சுமியை அழைத்துவந்து உட்கார வைத்தாள். திரையில் பெரிதாக ஒரு சொல். அவள் ஒரு விசையைத் தட்டினால் அது எழுத்தெழுத்தாகப் பிரியும், இன்னொரு தடவை தட்டினால் சேரும். அந்தப் பெண் பிரித்தாள், சேர்த்தாள், பிரித்தாள். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். ரொம்ப நேரம் கழித்து, யாருக்கும் இல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வது போல ஒரு குரல் வந்தது.

"ஏ... ரி. ஏரி."

அன்று பச்சையம்மாள் பஸ்ஸுக்கு நடந்து போகவில்லை, மிதந்துதான் போனாள்.

அடுத்த வாரம் ஆதிலட்சுமியின் அப்பா ஜெயவேல் வந்தார். நெசவுக்காரர், அதட்டிப் பேசத் தெரியாதவர்.

"விஜயதசமி அன்னிக்குப் பொண்ணைத் தறியில குந்த வச்சிடலாம்னு இருக்கேங்க டீச்சர். ஆறு வருசமா வந்துகினு போய்கினு கீது. சேலையில போட்ட பேரைக் குடுத்தாகூட படிக்கத் தெரியல. நல்ல நாள்ல ஆரம்பிச்சா தொழிலாவது கையில நிக்கும்."

"அதே நாள் காலையில இங்க கூட்டிகினு வாங்க. உங்க கண்ணு முன்னாடி அதுவா ஒரு வரி படிச்சிக் காட்டும். படிச்சிட்டா பெரிய பரீட்சை வரைக்கும் விட்டுடணும். சரிங்களா?"

"படிச்சா எனக்குப் பெருமை இல்லீங்களா?" என்றார்.

தலைமையாசிரியருக்கும் அந்த யோசனை பிடித்துப்போனது. பிள்ளை படிப்பதற்காக அல்ல. விஜயதசமி, வித்தை தொடங்கும் நாள். தாளாளர் கந்தசாமியை அழைத்து, கம்ப்யூட்டரை அவர் கையால் தொடங்கி வைத்தால் நன்றாயிருக்குமே என்பதற்காக.

முதல் நாள் ஆயுத பூஜை. கடைசியாக ஒரு தடவை எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிடலாம் என்று பச்சையம்மாள் காலையிலேயே வந்தாள். கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். விசைப்பலகை மேல் சாமந்திப்பூ.

"ஒரே ஒரு வாட்டி போட்டுப் பாத்துடறேன் சார்."

"இன்னாம்மா நீ! ஆயுத பூஜை அன்னிக்கு ஆயுதத்தை எடுப்பாங்களா? ஊர்ல ஒரு தறி ஓடுதா பாரு. நெசவுக்காரர் வீட்டுப் பொண்ணு நீயே இப்படிக் கேட்கலாமா?"

அது நிஜம்தான். அவள் வீட்டிலும் அன்று தறி நாடாவைத் தொடமாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் கரண்ட் இருந்தது. அதுவே பாதி வெற்றி என்று நினைத்தாள். ஜெயவேல் வெள்ளை வேட்டியில், கையில் தாம்பூலப் பையோடு வந்திருந்தார்; திரும்பியதும் தறி பூஜை. ஆதிலட்சுமி தலைநிறையப் பூ வைத்திருந்தாள். "பயமா கீதா?" என்று டீச்சர் கேட்டதற்கு, "கம்ப்யூட்டர்கிட்ட பயம் இல்ல டீச்சர்" என்றாள்.

தாளாளர் உள்ளே நுழைந்ததும் ராஜவேலு டேப் ரெக்கார்டரைத் தட்டினார். பள்ளிப் பெண்கள் பாடிய சரஸ்வதி பாட்டு கணீரென்று வந்தது. தாளாளர் தலையாட்டி ரசித்தார். பாட்டுக்கு மட்டும் கேசட் வாங்கக் காசு இருக்கிறது பார் என்று பச்சையம்மாள் மனசுக்குள் பொருமினாள். பாட்டு முடிந்தது. ராஜவேலு கேசட்டைப் பின்னால் ஓட்டி, பொறுப்பாக ஒயரையும் மாட்டிக் கொடுத்தார்.

அவள் கட்டளையைத் தட்டினாள். 'தேடுகிறேன்' என்று திரை இங்கிலீஷில் சொன்னது. எல்லாரும் பார்த்தார்கள். அது தேடிக்கொண்டே இருந்தது. தாளாளர் காபி குடித்தார். அது தேடிக்கொண்டே இருந்தது. நிறுத்தினாள், ஒயரைப் பிடுங்கி மாட்டினாள், மறுபடி தட்டினாள். வியர்வை கண்ணில் இறங்கியது. தாளாளர் கடிகாரத்தைப் பார்த்து, "மிஷின்னா அப்படித்தான், பொறுமையா பாருங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அருணாச்சலம் பின்னாலேயே ஓடினார்.

சந்தேகம் வந்து ஒயரைக் கழற்றிவிட்டுக் கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள். சரஸ்வதி பாட்டு.

"மாஸ்டர், இது எந்தக் கேசட்டு?"

"அதுலயே இருந்துச்சே, அதுதாங்க. நேத்து போட்டுப் பாத்தேன், கீச்சுகீச்சுனு ஒரே சத்தம். கெட்டுப்போச்சி போலன்னு அதுமேலயே பாட்டைப் பதிஞ்சிட்டேன். நல்லா பதிஞ்சிகீது இல்ல?"

"நேத்து எதையும் தொடக் கூடாதுன்னு சார் சொன்னாரே!"

"கம்ப்யூட்டரைத்தானே? இது பாட்டுப் பெட்டிதானே டீச்சர்!"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். ராஜவேலுவைத் திட்டக்கூட முடியவில்லை. அவர் முகத்தில் பாராட்டை எதிர்பார்க்கும் சிரிப்பு இருந்தது. அவளுக்கு அந்த மேஜையையே கவிழ்த்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது.

ஜெயவேல் மெல்ல அருகில் வந்தார்.

"நல்ல நேரம் போவுதுங்க டீச்சர்."

"கட்டத்தாள் எல்லாம் வீட்டுல கீது. மறுபடி தட்டிடுவேன். கொஞ்ச நாள் பொறுங்க. பலகையில எழுதினா பயந்து வாயைத் தெறக்காது. திரையில பொண்ணு படிச்சிதுங்க, நான் என் காதால கேட்டேன்."

"நீங்க சொன்னா பொய்யா இருக்குங்களா? ஆனா நாள் தள்ளிப்போச்சின்னா இன்னும் ஒரு வருசம் இல்லீங்களா?" அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். பையிலிருந்து வெற்றிலை பாக்கு எடுத்து டீச்சருக்கு மரியாதையாகக் கொடுத்தார். "வா கண்ணு, ஜல்தி."

ஆதிலட்சுமி போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், டீச்சரையல்ல, திரையை. அது இன்னும் தேடிக்கொண்டிருந்தது.

பச்சையம்மாள் வெற்றிலையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். டேப் ரெக்கார்டரை யாரும் நிறுத்தவில்லை. பாட்டு முடிந்தது. ஒரு நொடி அமைதி. அப்புறம் அந்தக் கீச்சுச் சத்தம் ஆரம்பித்தது. பாட்டுக்குத் தப்பிப் பிழைத்த எழுத்துகள், முன்பாதி இல்லாமல் இனி எதற்கும் உதவாத பின்பாதி. தாளாளரை வழியனுப்பிவிட்டு வந்த அருணாச்சலம் வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டார்.

"மானம் போனது போதும்மா. அந்தக் கெட்டுப்போன சத்தத்தை நிறுத்து. பூட்டணும்."

"கெட்டுப்போன சத்தம் இல்ல சார். அதுதான் பாடம்" என்று சொல்லிவிட்டு, அவள் கையை நீட்டிச் சத்தத்தைக் கடைசிவரை கூட்டி வைத்தாள்.