டாக்டர் பேரில் எட்டு அர்ச்சனை

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் மட்டும் பேசினார். உட்கார முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"ஏதோ கட்டி மாதிரி தெரியுதும்மா. நாங்களே எடுத்துடுறோம். நீ படிச்ச பொண்ணு, அம்மாவுக்கு எடுத்துச் சொல்லு."

கட்டி இல்லை. வேலூரில் ஸ்கேன் எடுத்தவர்கள் எழுதியே கொடுத்திருந்தார்கள். இதே டாக்டர் செய்த முதுகெலும்பு ஆபரேஷனின்போது ரத்தம் ஒற்றிய துணியை உள்ளேயே விட்டுத் தைத்திருக்கிறார்கள். எட்டு மாதமாக அது அம்மாவின் இடுப்புக்குள் சீழ் கோத்துக் கிடக்கிறது.

அந்த ஆபரேஷன் முடிந்த அன்றைக்கும் இதையேதான் சொன்னார், படிச்ச பொண்ணு என்று. எங்கள் வம்சத்திலேயே முதல் டிகிரி என்னுடையது. அவர் என்னோடு இங்கிலீஷில் பேசியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா வலியில் அழுதபோதெல்லாம், "நரம்பு ஆற நாளாகும்னு டாக்டரே சொல்லியிருக்காரு. உனக்கு என்னா தெரியும், சும்மா இரு" என்று அதட்டினேன். நர்ஸிடம் கெஞ்சி டாக்டரின் நட்சத்திரத்தைக் கேட்டு வந்த அம்மா, பௌர்ணமிக்குப் பௌர்ணமி அண்ணாமலையாருக்கு அவர் பேரில் அர்ச்சனை செய்தாள். முதல் இரண்டு முறை அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே போனாள். அப்புறம் ஷேர் ஆட்டோவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆஸ்பத்திரி மேனேஜர் ஒரு தாளையும் மைப்பெட்டியையும் மேசைமேல் வைத்தார். "கைநாட்டு வெச்சிட்டா இன்னிக்கே ஆபரேஷன்."

தாளில் எழுதியிருந்தது இதுதான்: இது புதிதாக வந்த கட்டி. பழைய ஆபரேஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புகார் எதுவும் கொடுக்கமாட்டேன். ஒரு எழுத்து விடாமல் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வெளியே டோக்கனோடு காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வாம்மா, வேற ஆஸ்பத்திரிக்குப் போலாம். கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கலாம்."

"நீ மனு குடுத்து அவங்க விசாரிக்கிற வரிக்கும் நான் இப்டியே நிக்கணுமாடி?"

டாக்டர் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்க மகம் நட்சத்திரம்தானே? நான் ஒண்ணும் மாத்திச் சொல்லிடலியே?"

கேட்டது சந்தேகமா, குத்தலா என்று எனக்கே தெரியவில்லை. டாக்டர் போனை எடுத்துப் பார்த்தார்.

அம்மா பெருவிரலை மையில் அழுத்தினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வுடுடி. வலிக்குது."

பிடித்த பிடியைச் சொன்னாளோ, இடுப்பைச் சொன்னாளோ. நான் விடவில்லை, அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தாளுக்கு ஒரு சாண் மேலே அந்த நீல விரல் அப்படியே நின்றது.