தலை விடுபட்ட படம்

நெல்டா ராய்ஸைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தபோது, நடைச் சுவரில் ஏழு படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஏழும் ஒரே மாதிரி. நீலப்பூ மண்டிக் கிடக்கும் மேய்ச்சல் நிலம். பூவுக்கு நடுவே இடுப்பளவு புதைந்தாற்போல் பிள்ளைகள். முதல் படத்தில் ஷானா கைக்குழந்தை. போகப் போக அவள் வளர்கிறாள், பல் விழுகிறது, மடியில் தம்பி டஸ்டி வந்து சேர்கிறான்.

லேனோ வட்டாரத்தில் இது எல்லார் வீட்டிலும் இருக்கிற படம்தான். மார்ச் முடிகிற சமயத்தில் ரோட்டோரமெல்லாம் புளூபானட் என்கிற அந்த நீலப்பூ பூத்துவிடும். பிள்ளைகளுக்கு ஈஸ்டர் உடுப்பை மாட்டி, காரை ஓரங்கட்டி, பூவுக்குள் உட்காரவைத்து ஒரு படம் எடுக்காவிட்டால் அந்த வருஷம் கழிந்த மாதிரியே இருக்காது.

நெல்டாவை அறுத்தது படமில்லை, எடுத்த கை. எல்லாவற்றையும் எடுத்தவள் ட்வைலா, ராய்ஸின் முதல் மனைவி. நாலு வருஷத்துக்கு முன்பு இருவரும் சண்டை சச்சரவில்லாமல் பிரிந்துவிட்டார்கள். அவள் ஆபிலீனில் ஒரு பல் டாக்டரிடம் வேலைக்குப் போய்விட்டாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே என்பதால் அவர்கள் அப்பாவோடு. ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை ட்வைலா வந்து பார்த்துவிட்டுப் போவாள். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மட்டும் தோளில் கேமராவோடு வருவாள்.

அவள் ஒரு படத்தில்கூட இல்லை. இருந்திருந்தால், "இதைக் கழட்டி வை" என்று ராய்ஸிடம் சொல்ல நெல்டாவுக்கு வாய் இருந்திருக்கும். இல்லாத ஆளை எப்படிக் கழற்றச் சொல்வது? துவைத்த துணிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நாளைக்கு நாலு தடவை அந்த நடையில் போவாள். ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் சிரிப்பார்கள். கண்ணும் கன்னமும் சேர்ந்து பூரிக்கிற சிரிப்பு. அது தன்னைப் பார்த்துச் சிரிப்பதல்ல, கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவளைப் பார்த்துச் சிரிப்பது என்று நெல்டாவுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அவள்தான் சோறு ஆக்கிப் போடுகிறாள், தலை வாரிவிடுகிறாள், காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்து அவர்கள் சிரிப்பது "தேங்க்ஸ், மிஸ் நெல்டா" என்கிற சிரிப்பு. டீச்சருக்குச் சிரிப்பதுபோல.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவளும் ஒரு சின்ன கேமரா வாங்கினாள். பள்ளிக்கூடச் சமையலறையில் கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள், ராய்ஸும் சிரித்தான். சிரிக்கும்படிதான் இருந்தது விஷயம். கண்ணாடித் துளையில் ஒன்று தெரியும், படம் கழுவி வந்தால் இன்னொன்று இருக்கும். தேவாலயத்துப் போதகரைக் கழுத்து வரைக்கும் எடுத்தாள். டஸ்டியின் பிறந்தநாள் படத்தில் கேக் முழுசாக இருந்தது, டஸ்டி முகவாயோடு நின்றான்.

"நம்ம நெல் கையில கேமராவ குடுத்தா தலைய சீவிடுவா, ஜாக்கிரதை," என்று ராய்ஸ் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். அவளும் கூடவே சிரித்துவைத்தாள். ஆனால் விடவில்லை. எல்லாரும் வெளியே போன நேரத்தில் வேலிக்கம்பத்தையும் தபால் பெட்டியையும் எடுத்து எடுத்துப் பழகினாள். துளையில் தெரிவதற்குமேல் ரெண்டு விரல்கடை தூக்கிப் பிடித்தால் தலை தப்பும் என்பது மார்ச் மாதம் பிடிபட்டது. அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை ட்வைலா வந்தாள். வெள்ளைச் சட்டை, நல்ல பூட்ஸ், கையில் பீக்கன் கொட்டை போட்டுச் சுட்ட பலகாரம். இறங்கும்போதே பிள்ளைகள் ஓடி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள்.

"நெல்டா கண்ணு, எப்படி இருக்க? இளைச்சிட்டியே!" என்றாள் ட்வைலா.

இளைக்கவில்லை. போன மாதம்தான் ஒரு சுற்றுப் பெருத்து, பாவாடையின் பொத்தானை நகர்த்தித் தைத்திருந்தாள். "நல்லாருக்கேன்," என்று பலகாரத்தை வாங்கிக்கொண்டாள் நெல்டா.

எல்லாரும் ராய்ஸின் வண்டியில் ஊருக்கு வெளியே ஆற்றோர மேய்ச்சல் நிலத்துக்குப் போனார்கள். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்திருந்ததால் நீலம் வானத்தில் இருந்து வழிந்து கொட்டினாற்போல் கிடந்தது. ராய்ஸ் ஒரு கம்பை எடுத்துப் பூவுக்குள் தட்டித் தட்டி, பூட்ஸ் காலால் தரையை உதைத்துக்கொண்டே நடந்தான். விரியன் படுத்திருந்தால் போய்விடட்டும் என்று. டஸ்டி பின்னாலேயே போய் தானும் உதைத்தான்.

"எறும்புப் புத்து இருக்கா பாருங்க. போன தடவ ஷானாவ கடிச்சு வெச்சிருச்சு," என்று நெல்டா குரல் கொடுத்தாள்.

"போன தடவ இல்ல, அதுக்கு முந்தின தடவ," என்றாள் ட்வைலா, லென்ஸைத் துடைத்தபடி. சாதாரணமாகத்தான் சொன்னாள். நெல்டாவுக்குச் சுருக்கென்றது.

முதலில் பிள்ளைகள் மட்டும். ட்வைலா பூவுக்குள் முழங்காலிட்டு, பின் குப்புறப் படுத்தே விட்டாள். வெள்ளைச் சட்டை போனால் போகட்டும் என்று. "டஸ்டி, உன் பூட்ஸ் உள்ள தவளை இருக்குன்னு அப்பா சொன்னாரே, நெஜமா?" பையன் பூட்ஸைப் பார்க்க, அக்கா அவனைப் பார்க்க, க்ளிக். அதே சிரிப்பு வந்துவிட்டது. பத்து அடி தள்ளி நின்ற நெல்டா அதைப் பக்கவாட்டில் பார்த்தாள். எவ்வளவு சுளுவாக வருகிறது!

"இப்ப பெரியவங்களும் உக்காருங்க. நெல்டா, நீ பிள்ளைங்க பின்னால. காலர மடிச்சு விட்டுக்கோ கண்ணு. ஆங். ராய்ஸ், என்ன மரம் மாதிரி உக்காந்திருக்க? கைய அவ தோள்ல போடு."

ராய்ஸ் கையைத் தோளில் போட்டான். உடனே, சொன்ன மாத்திரத்தில். தோளில் அந்தக் கை இரும்பாய்க் கனத்தது. தன் புருஷனின் கை, இன்னொருத்தி சொல்லி வந்த கை. வீட்டில் அவளாக இரண்டு தடவை சொன்னால்தான் அவனுக்குக் காது கேட்கும்.

"நெல்டா, கொஞ்சம் சிரிக்கலாமே?"

"சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"பல்லு தெரியல கண்ணு."

க்ளிக். இன்னும் நாலைந்து. பிறகு ட்வைலாவின் கேமரா உள்ளே கிர்ரென்று சுற்றி நின்றது. ஃபிலிம் தீர்ந்துவிட்டது. எல்லாரும் எழுந்து ஒட்டின புல்லைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஷானா கேட்டாள்.

"அம்மா, நீ ஏன் ஒரு படத்துலகூட இல்ல?"

ட்வைலா கேமராவைப் பைக்குள் வைக்கப்போனவள் நின்றாள். "நான் எடுக்கறவ ஆச்சேடி."

"ஆனா ஒண்ணுலகூட இல்ல. எங்க டீச்சர், அவங்கவங்க வீட்டுல எல்லாரும் இருக்கற படம் கொண்டுவரச் சொன்னப்ப நான் தேடினேன். நீ இல்லவே இல்ல."

ட்வைலா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நெல்டா பக்கம் திரும்பினாள். "உன் கேமராவுல ஃபிலிம் இருக்கா? என்னையும் இதுகளையும் ஒண்ணு எடுத்துத் தரியா?"

நெல்டாவும் தன் கேமராவை எடுத்து வந்திருந்தாள். அதில் கடைசிப் படம் ஒன்று மிச்சம் இருந்தது.

"ட்வைலா, உயிர் மேல ஆச இல்லையா? அவ தலைய சீவிடுவா!" என்றான் ராய்ஸ். எல்லாரும் சிரித்தார்கள். ட்வைலாதான் அதிகம் சிரித்தாள். பிள்ளைகளை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு பூவுக்குள் உட்கார்ந்தாள்.

நெல்டா கேமராவைத் தூக்கினாள். துளைக்குள் மூவரும் நெருக்கமாகத் தெரிந்தார்கள். மூவருக்கும் ஒரே மூக்கு, ஒரே முன்நெற்றி. எங்கே பிடித்தால் தலை தப்பும் என்பது அவளுக்குத் தெரியும். ரெண்டு விரல்கடை. கை தூக்கவும் செய்தது. அப்போது ட்வைலா டஸ்டியின் உச்சந்தலையில் முத்தமிட்டு, "அங்க பாரு, மிஸ் நெல்டாவ பாரு," என்றாள். மிஸ் நெல்டாவாம். நெல்டாவின் கை தூக்கின இடத்திலிருந்து இறங்கியது. தவறி இறங்கவில்லை. வேண்டுமென்றே, அளந்து இறக்கினாள். பிள்ளைகளின் தலைக்குமேல் ஒரு விரல்கடை இடம் இருக்கும், பெரியவள் கழுத்தோடு போவாள் என்று கணக்குப் போட்டே இறக்கினாள்.

அந்த நொடியில் பின்னால் ராய்ஸ் எதையோ மிதித்து, "ஐயையோ எறும்பு!" என்று ஒற்றைக் காலில் குதித்தான். நெல்டாவுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அவள் சிரிப்பதைப் பார்த்துப் பிள்ளைகளும் சிரித்தார்கள். க்ளிக்.

"வந்துச்சா?" என்றாள் ட்வைலா.

"வந்திருக்கும்," என்றாள் நெல்டா.

அந்த ஊரில் படம் கழுவித் தருவது மருந்துக்கடைதான். கொடுத்த படம் அடுத்த புதன்கிழமை வந்தது. கடைக்கு வெளியே, காருக்குள் உட்கார்ந்து உறையைக் கிழித்தாள். வேலிக்கம்பம், தபால் பெட்டி, வேலிக்கம்பம். கடைசியில் அது இருந்தது.

கணக்கு பிசகவில்லை. ட்வைலா கழுத்துவரைதான் இருந்தாள். வெள்ளைச் சட்டையும் இரண்டு கைகளும். அந்தக் கைகளுக்குள் பிள்ளைகள் இருந்தார்கள். நெல்டா அவர்கள் முகத்தைப் பார்த்தாள். கண்ணும் கன்னமும் பூரித்த சிரிப்பு. நடைச் சுவரில் அவளை இரண்டு வருஷம் அரித்த அதே சிரிப்பு. நேராக அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். துளைக்கு இந்தப் பக்கம் அன்றைக்கு நின்றவள் அவள்தானே.

நெல்டா ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். ஆசைப்பட்டது கிடைத்தே விட்டது. ஆனால் இதை எந்தச் சுவரில் மாட்டுவது? மாட்டினால், பார்க்கிற ஒவ்வொரு முறையும் அந்த வெட்டுப்பட்ட கழுத்தை அல்லவா பார்க்க வேண்டும்! கிழித்துவிடலாமா என்று நினைத்தாள். பிள்ளைகளின் முகத்தில் கை வைக்க மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல ட்வைலா போன் செய்தாள். பிள்ளைகளிடம் பேசி முடித்துவிட்டு, "நெல்டாகிட்ட குடு," என்றாள்.

"கண்ணு, படம் வந்துச்சா?"

ஃபிலிமில் வெளிச்சம் பட்டுவிட்டது என்று சொல்லலாம். அதைத்தான் நெல்டா நாலு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். "வந்துச்சு. உன் தலை விடுபட்டுப் போச்சு," என்றாள்.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. அப்புறம் சிரிப்பு. "அட, ராய்ஸ் சொன்னது பலிச்சிருச்சா! விடு. வேணும்னா பண்ணின?"

விளையாட்டாகக் கேட்ட கேள்வி. "ஆமா" என்று நெல்டா சொன்னது அவள் காதுக்கே வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. "வேணும்னேதான் பண்ணினேன், ட்வைலா. எனக்கு ஒழுங்கா எடுக்கத் தெரியும். தெரிஞ்சே வெட்டினேன்."

ஆபிலீனில் எங்கேயோ ஒரு நாய் குரைத்தது கேட்டது.

"ஏன்?"

"பொறாமை. வேற என்ன?"

"எம்மேலயா?" ட்வைலாவின் குரல் உயர்ந்தது. "எம்மேல உனக்கென்னடி பொறாமை? என் பிள்ளைங்க காலையில எந்திரிச்சா உன் மூஞ்சிலதான் முழிக்குதுங்க. போன்ல என்கிட்ட எதப் பேசினாலும் 'மிஸ் நெல்டா செஞ்ச பிஸ்கட், மிஸ் நெல்டா சொன்ன கதை'. நூத்தம்பது மைல் வண்டி ஓட்டிக்கிட்டுத் திரும்பும்போது நான் என்ன பாடுபடறேன்னு உனக்குத் தெரியுமா? நான் பொறாமைப்படறதுக்கு வரிசையில முன்னாடி நிக்கறேன். நீ குறுக்க வராத!"

பிஸ்கட்டைப் பற்றி அந்தப் பிள்ளைகள் நெல்டாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அந்தப் படத்த அனுப்பு," என்றாள் ட்வைலா கடைசியில். "தலை இல்லாட்டி என்ன, கை என் கைதான?" போனை வைத்துவிட்டாள். 'கண்ணு' என்று சொல்லவில்லை.

அனுப்பினாள். பதில் வரவில்லை. அடுத்து வந்த சனிக்கிழமைகளில் ட்வைலா வாசலோடு பிள்ளைகளை அழைத்துப் போனாள், வீட்டுக்குள் வரவில்லை. ராய்ஸ், "என்ன உங்களுக்குள்ள?" என்று கேட்டதற்கு நெல்டா நடந்ததைச் சொல்லிவிட்டாள். அவன் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவதுபோல் பார்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டான்.

மே மாதம் புளூபானட் காய்ந்து விதை வெடித்துவிட்டது. அந்த இடத்திலேயே சிவப்பும் மஞ்சளுமாகக் கம்பளிப்பூ என்கிற காட்டுப்பூ பூக்க ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை ட்வைலா வண்டி வந்து நின்றதும் நெல்டா வாசலுக்கு இறங்கிப் போனாள்.

"ஃபிலிம் போட்டு வெச்சிருக்கேன். முழுசா ஒரு சுருள். வர்றியா?"

ட்வைலா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "தலைக்கு என்ன உத்தரவாதம்?"

"நீயே துளையில பார்த்துச் சொல்லு."

"வேணாம். நீயே பாரு," என்று ட்வைலா இறங்கினாள்.

அதே மேய்ச்சல் நிலத்தில் இருபத்துநாலு படம் எடுத்தாள் நெல்டா. பிள்ளைகளைச் சிரிக்கவைக்க ஒன்றும் தோன்றாமல் அவளும் ராய்ஸைப் போல ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தாள். டஸ்டி முழித்தான். ஷானாவுக்கு வெட்கமாகிவிட்டது. பாதிப் படத்தில் எல்லாரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார்கள். ஏப்ரல் படத்தின் சிரிப்பு ஒன்றிலும் வரவில்லை. ஆனால் இருபத்துநாலிலும் ட்வைலாவின் தலை இருந்தது.

படம் வந்த அன்று ராய்ஸ் சாப்பாட்டு மேசையில் அதைப் புரட்டிப் பார்த்தான். "நல்லாருக்கே! இது ட்வைலா எடுத்ததா?"

"அப்பா," என்றாள் ஷானா, "அம்மா படத்துக்குள்ள இருக்காங்க."

நெல்டா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். தட்டுகள் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டன. மறுநாள் நல்ல படமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டு பிரதி போட்டாள். ஒன்று ஆபிலீனுக்குப் போயிற்று. இன்னொன்றைச் சட்டத்தில் போட்டு நடையில் கொஞ்ச நேரம் நின்றாள். ஆணி அடிக்க இடம் இருந்தது. தினம் நாலு தடவை ட்வைலாவின் முகத்தைத் தாண்டிப்போக மனசு இடம் கொடுக்கவில்லை. பிள்ளைகளின் அறைக்குள் போய், இரண்டு கட்டிலுக்கும் நடுவே, படுத்தால் கண்ணில் படுகிற உயரத்தில் மாட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள்.